இரண்டு செங்கல் இடைவெளி

சர்வேயர் என் சமையலறைச் சுவரை விரல் முட்டியால் மூன்று முறை தட்டினார்.

சுவர் ஒற்றைக் கல்லா, இரட்டைக் கல்லா என்று பார்ப்பதற்காகத் தட்டினார். பாவம், அவர் வேலை அது. ரயில் பாதைக்காக எடுக்கப்போகும் வீட்டில் சுவர் எத்தனை அங்குலம், தரை என்ன தரை, கூரை என்ன கூரை என்று ஒன்று விடாமல் அளந்து எழுத வேண்டும். நாடாவின் ஒரு முனை அவர் கையில். மறுமுனையை என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார், ஏதோ கோயில் தேர் வடத்தைப் பிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தட்டிய இடத்தில் என் மசாலா டப்பாக்கள் அடுக்கிய தகர அலமாரி இருந்தது. அதை அவர் என்னைக் கேட்காமலே ஒரு முழம் நகர்த்திவிட்டார். "சார், சார், ஊறுகாய் ஜாடி இருக்கு, உடைஞ்சிடும்" என்று நான் கத்தியதெல்லாம் வீண்.

மூன்றாவது தட்டு விழுந்தது. நான் 'இயேசுவே' என்று சொல்லி முடிப்பதற்குள் சுவரிலிருந்து ஒரு கை வந்தது.

நாலு கண்ணாடி வளையல் போட்ட கை. அதில் நீல விளிம்புக் கிண்ணம். கிண்ணத்தில் ஆவி பறக்கும் கருவாட்டுத் தொக்கு. பின்னாலேயே குரலும் வந்தது.

"அக்கா, சீக்கிரம் வாங்கு, கை சுடுது. அளக்க வந்தவனுங்க ஒழிஞ்சானுங்களா?"

யாரும் வாங்கவில்லை. கிண்ணம் ஆடியது. வேறு வழியில்லாமல் சர்வேயரே அதை வாங்கிக்கொண்டார்.

"உப்பு பாத்துச் சொல்லு" என்றது குரல். கை உள்ளே போய்விட்டது.

அந்தக் கை ஸ்டெல்லாவுடையது. அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசி அப்போது பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர்கள் பேசாமல் இருப்பதற்கென்றே கட்டிய சுவர்தான் அது.

அங்கே அப்படியே அவர்களை நிறுத்திவைத்துவிட்டு, நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

சுவர் எழுந்த கதை

என் வீட்டுக்காரர் மரியதாஸ் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி அருள்தாஸ் ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்ப்பவர். என் மாமனார் சவரிமுத்து இருவருக்கும் சேர்த்து விட்டுப்போனது ஒரே வீடு. பெங்களூர் பிரேசர் டவுன் பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் இருந்தது. மங்களூர் ஓடு, தேக்கு உத்திரம், முன்னால் ஒரு கருவேப்பிலை மரம்.

நான் மர்பி டவுன் பெண். கல்யாணமாகி வந்த முதல் வாரம், ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் கலகலவென்று ஆடும். நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பிறகு பழகிவிட்டது. ரயில் லேட்டானால்தான் தூக்கம் கெடும் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

மாமனார் இறந்ததும் முப்பதாம் நாள் பூசைக்கு அட்டை அடித்தோம். அச்சகத்துக்குப் போய்க் கொடுத்தது அருள்தாஸ். அச்சகத்துக்காரர், கொண்டுவந்து கொடுத்தவன் பெயரை மேலே போட்டுவிட்டார். 'இப்படிக்கு' என்ற வார்த்தைக்குக் கீழே அருள்தாஸ், அதற்கும் கீழே மரியதாஸ்.

எழுத்து அவ்வளவுதான். அதற்கு நடந்த கூத்து கொஞ்சமா நஞ்சமா!

"தலைப்பிள்ளை நான். என் பேரு கீழயா?" என்றார் இவர்.

'அது அச்சகத்துக்காரர் தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அருள்தாஸ் சொல்வானா? "மேல போட்டா இன்னா, கீழ போட்டா இன்னா, செத்தவரு எழுந்தா வரப்போறாரு?" என்றான்.

போச்சு. அந்த வாரமே வாசலிலிருந்து கொல்லைவரை சுவர் எழுப்ப முடிவாயிற்று. தண்டவாளப் பக்கத்துப் பாதி எங்களுக்கு, சந்துப் பக்கத்துப் பாதி அவர்களுக்கு. செங்கல் பாதிப்பாதி, சிமென்ட் பாதிப்பாதி. பேசாமலே இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட்ட அண்ணன் தம்பியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதவும் ஒருநாள் போனார்கள். தனித்தனி ஆட்டோவில். அங்கே பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "முதல் பார்ட்டி யாரு, ரெண்டாவது பார்ட்டி யாரு?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். இரண்டு ஆட்டோவும் திரும்பி வந்துவிட்டன. கத்தா என்கிற சொத்துப் பதிவு, வரி ரசீது, தண்ணீர் மீட்டர் எல்லாம் சவரிமுத்து பெயரிலேயே நின்றுவிட்டது. சுவர் மட்டும் ஜோராக நின்றது.

அந்தச் சுவரைக் கட்டிய மேஸ்திரிக்கு நானும் ஸ்டெல்லாவும் மாறி மாறி டீ கொடுத்தோம். மூன்றாவது டீயில் ஸ்டெல்லா அவரிடம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, சமையலறை கிட்ட ரெண்டு கல்லுக்கு மட்டும் கலவை போடாம வையுங்களேன்."

அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "காத்து வரணும்லம்மா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நல்ல மனுஷன். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

என் பக்கம் தகர அலமாரி, அவள் பக்கம் மாதா படம் போட்ட காலண்டர். நடுவில் இரண்டு செங்கல் அளவு ஓட்டை. கிண்ணம் போகும், தட்டு சாய்த்தால் போகும், குக்கர் போகாது. வீட்டில் ஆண்கள் இல்லை என்றால் சுவரை மூன்று முறை தட்டுவோம். அதுதான் எங்கள் பாஷை.

வெள்ளிக்கிழமை அவள் கருவாட்டுத் தொக்கு இந்தப் பக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை என் ஆட்டுக்கால் பாயா அந்தப் பக்கம் போகும். "அவன் வீட்டுக் காத்துகூட இங்க வரக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இவர் தொக்கை வழித்துச் சாப்பிடுவார். "ரெஜினா, உன் கைக்கு மோதிரம் போடணும்" என்பார். இன்றுவரை போடவில்லை. இனிமேல் அதை ஸ்டெல்லா கைக்குத்தான் போட வேண்டியிருக்கும்.

கல்லறையில் இருப்பவருக்கு வந்த காகிதம்

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பக்கத்தில் இன்னும் இரண்டு தடம் போடப்போகிறார்கள், ஓரத்து வீடுகளை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பெங்களூரில் இப்படிப் பேச்சு வருவதும் போவதும் சகஜம்தானே, நாங்கள் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் காலையில் தினசரியில் ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் சர்வே நம்பர்களாக வந்தது. இவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, தன் அப்பா பெயரைக் கண்டுபிடித்து, "அப்பா பேரு பேப்பர்ல வந்திருக்கு!" என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டார். அப்புறம்தான் என்ன பேப்பர் என்று புரிந்தது.

பின்னாலேயே நோட்டீஸ் கொண்டு ஓர் ஆள் வந்தார். இரண்டு வாசல்களுக்கு நடுவில் நின்று, "சவரிமுத்து இதாரா?" என்று கூப்பிட்டார்.

"இருக்காரு, கல்லறையில" என்றார் இவர்.

"அப்போ யாரு கையெழுத்துப் போடறீங்க?"

இரண்டு வாசலிலிருந்தும் இரண்டு கை ஒரே சமயத்தில் நீண்டது. உடனே இரண்டும் பின்னால் போய்விட்டது. அந்த ஆள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு கதவுக்கும் நடுவில் அந்தச் சுவர் நெற்றியில் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

நோட்டீஸின் சாரம் இதுதான். பொதுக் காரியத்துக்கு நிலம் வேண்டியிருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் கொடுக்கலாம். கூப்பிடும் நாளில் நேரில் வந்து சொல்லலாம். பிறகு அளப்பார்கள், மதிப்புப் போடுவார்கள், சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

சிவப்பு பெயின்டோடு வந்து கோடும் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோடு எங்கள் பாதியைச் சுத்தமாக விழுங்கிவிட்டு, சரியாக நடுச்சுவரில் வந்து நின்றது. அருள்தாஸ் பாதி தப்பித்தது.

அன்று சாயந்திரம் ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா அழுதாள். இந்தப் பக்கம் நான் அழுதேன்.

மனசைத் திறந்து சொல்கிறேன். வீடு போகிறதே என்று எனக்குப் பெரிய கவலை இல்லை. எங்கள் பையன் வைட்ஃபீல்டில் இருக்கிறான். பதினாலாவது மாடி, பால்கனியில் துளசி, லிஃப்டில் கண்ணாடி. "வந்துடும்மா" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டான். ஆனால் அங்கே சுவரைத் தட்டினால் யார் கை நீட்டுவார்கள்? நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ட்யூட்டி முடிந்து முகம் தொங்கி வந்த நாட்களில் கேள்வியே கேட்காமல் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியை நீட்டியவள் அவள். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது ஒரு மாதம் அந்த ஓட்டை வழியாகத்தான் கஞ்சி ஊட்டினேன் என்று சொல்லலாம். அவளை விட்டுவிட்டுப் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு மனு, ஒரு எழுத்து

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆட்சேப மனு கொடுத்தார்கள். கோர்ட் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட் ஒருவரிடம் இவர் போய் நாலு பக்கம் சொல்லி அடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் அருள்தாஸும் போயிருக்கிறான். அந்த டைப்பிஸ்டுக்கு நேரம் ஏது? நேற்று அடித்ததையே எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் நாங்கள் நாலு பேரும் போனோம். அந்தக் கூடத்தில் பெஞ்சு, ஒரு ஃபேன், நூறு பேர் வியர்வை. அவர்கள் இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில். நடுவில் நானும் ஸ்டெல்லாவும், ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி. அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கெட் என் பக்கம் நகர்ந்தது.

அதிகாரி ஓர் அம்மா. நரைத்த முடி, பருத்திப் புடவை. கன்னடத்தில் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"ரெண்டு மனுவும் படிச்சேன். ரெண்டும் ஒண்ணேதான். 'பக்கத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது வேறு, இது வேறு' அப்படின்னு ரெண்டு பேரும் எழுதியிருக்கீங்க. எழுத்துப் பிழைகூட ஒரே இடத்துல. இவ்வளோ ஒத்துமையா இருக்கறவங்களுக்குள்ள என்ன தகராறு?"

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அருள்தாஸ் 'வேறு வீடு' என்று எழுதியதற்குக் காரணம் புரிகிறது, தன் பாதி தப்ப வேண்டும். இந்த மனுஷன் ஏன் எழுத வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரே வீடுன்னா அவன் பாதியும் போயிடும். அவனுதாவது நிக்கட்டும்னுதான்."

சொல்லிவிட்டு உடனே, "இதைப் போய் அங்க இங்க சொல்லாதே" என்று அதட்டினார். யாரிடம் சொல்லப்போகிறேன்! பத்து நிமிஷத்தில் சுவரின் அந்தப் பக்கம் போய்விட்டது சேதி.

ஆனால் அந்த அம்மா அன்றைக்கே இன்னொன்றும் சொல்லியிருந்தார். சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். ஒரே கட்டிடமாக இருந்தால் பாதியை மட்டும் பிய்த்து எடுக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டால் முழுசாகத்தான் எடுக்க வேண்டும். மாற்று வீடும் இரண்டு குடும்பத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக் கொடுப்பார்கள். "உங்களுது ஒண்ணா ரெண்டான்னு நான் இங்க உக்காந்து சொல்ல முடியாது. ஆளை அனுப்பறேன், அளந்து பார்க்கட்டும்" என்றார்.

அப்படி வந்தவர்தான் சுவரைத் தட்டிய சர்வேயர்.

மறுபடியும் அந்தக் கிண்ணம்

அளக்கும்போது உரிமைக்காரர்கள் கூட நிற்க வேண்டும் என்பது முறை. இவர் உள்ளே நின்றார். அருள்தாஸ் அண்ணன் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சந்தில் சர்வேயரின் உதவியாளோடு நின்றான். ஆக, அவர்கள் சமையலறையில் ஸ்டெல்லா தனியாக இருந்தாள். மூன்று தட்டுக் கேட்டதும், எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்துத் தொக்கை நீட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே.

சர்வேயர் கையில் கிண்ணம். இவர் கையில் நாடா. என் கையில் உயிர்.

இவர் மெல்ல நாடாவைக் கீழே விட்டார். பக்கத்தில் வந்தார். கிண்ணத்தைக் குனிந்து மோந்து பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ... வெள்ளிக்கிழமை?" என்றார்.

"எல்லா வெள்ளிக்கிழமையும்தாங்க" என்றேன். பொய் சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

அதே நேரம் சந்திலிருந்து தன் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அருள்தாஸ், "ஸ்டெல்லா! அப்போ ஞாயித்துக்கிழமை பாயா?" என்று அலறினான். அந்த வீட்டில் மூளை வேகமாக ஓடுவது அவனுக்குத்தான்.

"அண்ணி வச்சதுதான். இத்தினி வருஷம் தின்னியே, செத்தா போய்ட்ட?" என்றாள் ஸ்டெல்லா, ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து. மாட்டிக்கொண்டால் பயந்துபோகிற ஜாதி இல்லை அவள்.

சர்வேயர் ஒரு விரலால் தொக்கைத் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு சரியாத்தான் இருக்கும்மா" என்று சுவருக்குள் சொன்னார். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா?

பிறகு பேனாவை எடுத்தார். மேலே நிமிர்ந்து உத்திரத்தைப் பார்த்தார். ஒரே உத்திரம், சுவருக்கு மேலே அந்தப் பக்கம் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. தண்ணீர்க் குழாய் எங்கள் தொட்டியிலிருந்து சுவருக்கு அடியில் அவர்கள் வீட்டுக்குப் போனது. சந்தில் நின்ற அருள்தாஸைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"சார், இந்தப் பக்கம் இடிச்சா உங்க கூரை இறங்கிடும். தண்ணியும் வராது. இந்த நடுச்சுவர் ஒத்தைக் கல்லு, அதுவும் நிக்காது. நீங்க தப்பிச்சோம்னு நினைச்சிட்டிருக்கீங்க. ரயில் போற அதிர்வுல இதுல எப்படிப் படுத்துத் தூங்குவீங்க?"

அருள்தாஸ் தன் கூரையை அண்ணாந்து பார்த்தான். இவர் முகம் சுண்டிப்போயிற்று. தம்பி வீடாவது நிற்கட்டும் என்று தான் எழுதியது தம்பி தலையில் கூரையை இறக்கப் பார்த்ததே என்று அவருக்குத் தைத்துவிட்டது.

சர்வேயர் குறிப்பில் எழுதியதை நானே கிட்டே போய்ப் பார்த்தேன். கூரை ஒன்று. தண்ணீர் இணைப்பு ஒன்று. நடுச்சுவர் பிற்பாடு எழுப்பியது. அதில் புழக்கத்தில் உள்ள திறப்பு ஒன்று. ஆகவே கட்டிடம் ஒன்று.

அந்தத் 'திறப்பு ஒன்று' என்பதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. சர்க்கார் காகிதத்தில் எங்கள் ஓட்டை ஏறிவிட்டது!

முதல் வரி

கதை அங்கேயே முடிந்திருக்கும், எங்கள் வீட்டு ஆண்கள் வேறு மாதிரி ஆண்களாக இருந்தால்.

முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உரிமைக்காரர்கள் இருவரும் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குறித்த தேதிக்குள். தவறினால் கோடு போட்டபடி பாதியை மட்டும் எடுப்பார்கள். இரண்டு பிரதி கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி. முதல் வரி, அதற்குக் கீழே இரண்டாம் வரி.

அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் எனக்குப் பழைய பூசை அட்டைதான் ஞாபகம் வந்தது.

வார்டில் சிஸ்டராக இருந்த காலத்தில் நான் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஃபாரத்தை நீட்டுவோம். மூன்று மகன்கள் இருப்பார்கள். நீ போடு, நான் போட மாட்டேன், எனக்கு யாரு மரியாதை குடுத்தாங்க என்று வராந்தாவில் பஞ்சாயத்து நடக்கும். உள்ளே அந்தப் பெரியவர் மயக்க ஊசிக்காகக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். நான் சத்தம் போட்டு ஒருவன் கையைப் பிடித்துப் போட வைப்பேன். ஊரார் வீட்டு ஆண்களை அதட்டுவது சுலபம். தன் வீட்டு ஆணை எப்படி அதட்டுவது?

இவர் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொன்றை ஓட்டை வழியாக ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். இப்போது தட்ட வேண்டியதில்லை, திறந்தே கிடந்தது. ஆனாலும் இரண்டு ஆண்களும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. மாட்டிக்கொண்ட வெட்கம் எங்களுக்கு இல்லை, அவர்களுக்குத்தான்.

மூன்று நாள் காகிதம் மேஜைமேல் கிடந்தது. நான்காம் நாள் காலை இவர் கண்ணாடியைப் போட்டு, என்னை அடுப்பங்கரைக்குத் துரத்திவிட்டு, கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து ஒட்டிவிட்டார். காட்டச் சொன்னால் காட்டவில்லை. அந்தப் பக்கம் அருள்தாஸும் அப்படியே செய்தான் என்று ஸ்டெல்லா சொன்னாள்.

ஓட்டைக்கு இரண்டு பக்கமும் நின்று நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். இவர் முதல் வரியில் போட்டிருப்பார், அவனும் முதல் வரியில் போட்டிருப்பான். கவுன்டரில் வைத்துப் பிரித்ததும் பழைய அட்டைச் சண்டை புதுசாக ஆரம்பிக்கும். இரண்டு பேரும் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு ஆட்டோவில் திரும்பி வருவார்கள். பாகப்பிரிவினைக்குப் போய் வந்தார்களே, அதே மாதிரி. அப்புறம் நான் வைட்ஃபீல்டில். அவள் கூரையில்லாத பாதியில்.

கடைசி நாள் போனோம். கவுன்டரில் கம்பிக்குப் பின்னால் இருந்த கிளார்க் இரண்டு கவரையும் கிழித்தார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஏனு சார் இது? ரெண்டுலயும் மொதல் வரி காலியா இருக்கே?"

நான் கம்பிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ஒரு பிரதியில் மரியதாஸ், இரண்டாம் வரியில். இன்னொரு பிரதியில் அருள்தாஸ், இரண்டாம் வரியில். முதல் வரியை அவன் இவருக்காக விட்டிருந்தான். இவர் அவனுக்காக விட்டிருந்தார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள், வளையல் அச்சு பதிந்துவிட்டது.

இவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ போடு."

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது அந்த இரண்டு வார்த்தை வர.

"நீங்க போடுங்கண்ணா" என்றான் அருள்தாஸ்.

"போடுன்றேன்ல."

"தலைப்பிள்ளை யாரு, நானா?" என்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு அந்த அச்சாபீஸ்காரன் மாத்திப் போட்டுட்டாண்ணா. நான் சொல்லலை. என் கொழுப்பு, சொல்லலை."

இவர் கைக்குட்டையைத் தேடி எல்லாப் பையிலும் கையை விட்டார். கிடைக்கவில்லை. தம்பியின் கைக்குட்டையைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டார்.

"ஊட்டா டைம் சார், பேக மாடி" என்று சாப்பாட்டு நேரத்தைச் சொல்லி அவசரப்படுத்தினார் கிளார்க். பின்னால் வரிசையில் இருந்தவர்களும் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் இவர் காகிதத்தின் முதல் வரியில் அவன் போட்டான். அவன் காகிதத்தின் முதல் வரியில் இவர் போட்டார். இரண்டு பிரதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இப்படி எடுக்க முடியாது என்று கிளார்க் மறுபடி ஆரம்பித்தார். நான் என் வார்டு குரலை எடுத்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அடைத்து வைத்திருந்தது, நன்றாகவே வந்தது. அவர் எழுந்து உள்ளே அதிகாரி அம்மாவிடம் கொண்டுபோனார். திரும்பி வரும்போது இரண்டிலும் முத்திரை விழுந்திருந்தது.

வீடு போய்விட்டது. சாவி கொடுத்த அன்று நாங்கள் நாலு பேரும் ஒரே ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து வந்தோம். இப்போது லிங்கராஜபுரம் பக்கம் இரண்டாம் மாடியில் எதிரெதிர் வீடு. நடுவில் சுவர் இல்லை, நாலடி நடை. தட்ட வேண்டிய தேவையே இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு ஆண்கள் தாங்களாகவே வந்து நிற்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா தொக்கு கொண்டுவந்தாள். அதே நீல விளிம்புக் கிண்ணம். இத்தனை வருஷம் என் சமையல் என்று நினைத்து ஒரு குறை சொல்லாமல் வழித்துத் தின்ற மனுஷன், ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னார்:

"உப்பு கொஞ்சம் கம்மி, ஸ்டெல்லா."

"அப்படியா மாமா?" என்றாள் அவள். "அப்போ மறுபடியும் ஒரு சுவர் கட்டிக்குங்க."

இவர் வாயை மூடிக்கொண்டு தட்டை நீட்டினார்.